இறால் ஓட்டுத் தைலம்

"ஏனுங்க அம்மணி, ஊட்டுல இருக்கீங்களா?"

மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் அங்கப்பன் முன்வாசலில் நின்று கூப்பிட்டபோது, அம்புஜத்தின் இரண்டு கைகளும் முழங்கை வரை இறால் ஓட்டுக்குள் இருந்தன.

பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஐம்பது லிட்டர் நீல டிரம். உக்கடம் மீன் மார்க்கெட்டில் அந்தச் சனிக்கிழமை காலையில் கேட்டு வாங்கிய பதினைந்து கிலோ இறால் தலையும் ஓடும் அதற்குள் இருந்தன. அந்த மூட்டையோடு டவுன் பஸ்ஸில் ஏறியவளைக் கண்டக்டர் மூன்றாவது ஸ்டாப்பிலேயே கும்பிடு போட்டு இறக்கிவிட்டார். மீதி வழிக்கு ஆட்டோ. வீட்டுக்கு வந்து கழுவி, இடித்து, வெல்லக் கரைசலும் தயிர்த் தண்ணீரும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் குரல்.

அங்கப்பன் ஜீவகாருண்ய சபைக்காரர். முட்டை போட்ட கேக் என்றால் பிறந்தநாள் வீட்டிலிருந்தே எழுந்து வந்துவிடுவார். வாடகைப் பத்திரத்தின் மூன்றாவது ஷரத்தை அவரே தன் கைப்பட எழுதியிருந்தார்: 'காம்பவுண்டுக்குள் மீன், முட்டை, மாமிசம் எதையும் சமைக்கவோ வைத்திருக்கவோ கூடாது. மீறினால் மறுநாளே காலி செய்ய வேண்டும்.'

"ஏமண்டி!" அம்புஜம் பல்லைக் கடித்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். "போய் முன்னாடியே நிக்க வெச்சுப் பேசுங்க. பின்னால வர விட்டுறாதீங்க."

பாலகோபால் மில்லில் டைம் ஆபீஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்டவர். யாரையும் தடுத்து நிறுத்திப் பழக்கம் இல்லாதவர். சாய்ந்து சாய்ந்து முன்னால் போனார். ஒரே நிமிஷத்தில் அங்கப்பனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பின்னால பைப்பு ஒழுகுதான்னு பாக்கோணுமாம்" என்றார் பரிதாபமாக.

அதற்குள் அம்புஜம் மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இதென்னுங்க அம்மணி, புதுசா டிரம்மு?"

இருபத்தொன்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தவள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கண் தானாகக் கணவனின் முட்டியில் போய் நின்றது.

"தைலமுங்ணா. இவருக்கு முட்டி வலிக்கு. ஊறப் போட்டிருக்குது."

பாலகோபால் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொண்டு, "ஆ..." என்று முட்டியைப் பிடித்தார்.

அங்கப்பன் குனிந்து பைப்பைப் பார்த்தார். பைப்புக்கும் டிரம்முக்கும் இடையே ஒரு சாண். அவருடைய முகம் அந்தச் சாணுக்குள் இருந்தது. அம்புஜம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அங்கப்பன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வாஷரை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லதுங்க. நம்மூட்டு அம்மாளுக்கும் முட்டிவலிதான். எறக்கினதும் ஒரு பாட்டல் குடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"தெரிஞ்சுபோச்சு" என்றார் பாலகோபால். "தெரிஞ்சுக்கிட்டே கேக்கறாரு. நம்ம வாயில இருந்து வரட்டும்னு பாக்கறாரு."

"பாக்கட்டும். பன்னெண்டு நாள்தான். அதுக்குள்ள நான் முடிச்சுப்போடறேன்."

அதற்கு முன் கல்லூரி ஒன்றில் மூன்று நாள் பயிற்சி நடந்திருந்தது. குப்பைக்குப் போகிற இறால் ஓட்டை எப்படிப் புளிக்க வைப்பது என்று பேராசிரியை நந்திதா பன்னிரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தயிரில் இருக்கிற நுண்ணுயிர் வெல்லத்தைத் தின்று அமிலமாக்கும். அந்த அமிலம் ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கும். ஒட்டியிருக்கும் சதை கரைந்து தண்ணீராகும். பத்து நாளில் வடிகட்டினால், கீழே செடிக்கும் தீவனத்துக்கும் ஆகிற சத்துத் தண்ணீர். மேலே துணியில் வெள்ளையாக நிற்பது கைட்டின். அதற்கு மருந்துக் கம்பெனி வரைக்கும் வேலை இருக்கிறது. பக்குவமாகச் செய்து வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் இரண்டு பேருக்குக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு வருடத்துக்கு ஷெட்.

"ஊட்டுல செய்யாதீங்கம்மா, அக்கம்பக்கம் சண்டைக்கு வருவாங்க. எங்காச்சும் தோட்டத்துல செய்யுங்க" என்று நந்திதா சொல்லித்தான் அனுப்பினாள். அம்புஜத்துக்குத் தோட்டம் இல்லை. ஒரு பக்கம் காலி மனை, மறுபக்கம் மோட்டார் பட்டறை. அதனால் அக்கம்பக்கத்துக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் மாடிக்குத்தான்.

வீட்டை விடவும் முடியாது. பாலகோபாலின் முட்டிக்குத் தரைத்தளம் வேண்டும் என்று வடவள்ளி முழுக்க ஏழு மாதம் தேடிக் கிடைத்த வீடு. குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஆனால் லேபில் இருபத்தொன்பது வருடம் அம்புஜம் செய்ததெல்லாம் எடுத்து வைப்பதும் கழுவி வைப்பதும்தான். பியூரெட்டை நிறுத்துவாள், அமிலத்தை அளந்து வைப்பாள், தள்ளி நின்றுகொள்வாள். சோதனை செய்வது வேறு யாராவது. இந்தத் தடவை செய்யப்போவது அவள். அதை ஒரு ஷரத்துக்காக விடுவதாக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே வாடை கிளம்பிவிட்டது. அடுப்படிக்கு வந்தது, பூஜை அறைக்கு வந்தது, பாலகோபாலின் மோருக்குள்ளும் வந்தது. சாயந்திரம் அங்கப்பன் பைப்பைப் பார்க்க மறுபடியும் வந்து, டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்து, பருத்தி விலையிலிருந்து பேரனின் பல்வலி வரை அரைமணி நேரம் பேசினார். பாலகோபாலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அங்கப்பன் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "அருமையான காபிங்க" என்றார்.

"என்ன ஒரு அழுத்தமான மனுசன்!" என்றாள் அம்புஜம், அவர் போன பிறகு.

"சபையில பொறுமை பழகச் சொல்லுவாங்களாம். நம்மள வெச்சுப் பழகறாரு."

வாடை வெளியே வந்தால்தானே வம்பு? அம்புஜம் மூடியைச் சுற்றி எம்-சீல் அப்பினாள். அதன்மேல் சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினாள். அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். வாடை நின்றது. அன்று ராத்திரி இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெடித்தது.

சுண்ணாம்பில் அமிலம் பட்டால் வாயு கிளம்பும். பத்தாம் வகுப்புப் பாடம். அந்தக் குமிழியை இருபத்தொன்பது பேட்ச் பிள்ளைகளுக்குத் தன் கையால் எடுத்து வைத்தவள் அம்புஜம். அது அவளுக்கு ஞாபகம் வந்தபோது அம்மிக்கல் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. மூடி தென்னைமரத்தில் மோதிக் கீழே சுழன்றுகொண்டிருந்தது. பின்கட்டுக் கூரையின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு, மெதுவாகச் சொட்டியது.

"என்னுங்க சத்தம்?" அங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"குக்கருங்க" என்றார் பாலகோபால்.

"தைலமுங்க" என்றாள் அம்புஜம் அதே நேரத்தில்.

"குக்கர்ல தைலமுங்க" என்று பாலகோபால் திருத்திக்கொண்டார்.

அங்கப்பன் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒரு பெரிய சொட்டு விழுந்தது. அவருடைய வலது முழங்கையில்.

அம்புஜம் துடைக்கத் துணியைத் தேடினாள்.

அங்கப்பன் அந்தச் சொட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, இடது உள்ளங்கையால் அதை முழங்கையில் வைத்து நிதானமாக, மேலிருந்து கீழாகத் தேய்த்தார்.

"இந்தக் கைதானுங்க. ரெண்டு வருசமா மடக்க முடியல."

இன்னும் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தார். "ஜில்லுன்னு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனார்.

"அம்புஜா" என்றார் பாலகோபால். "முட்டை போட்ட கேக்கைத் தொடாத மனுசன்..."

"பேசாதீங்க."

அவள் போனில் நந்திதாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மூடிய இறுக்கி மூடிப்போட்டீங்களா?" என்று எடுத்ததுமே கேட்டாள் நந்திதா. "வாயு போக வழி வேணும்மா. ஒரு குழாயைச் சொருகித் தண்ணி பாட்டிலுக்குள்ள விடுங்க. மிச்சம் எவ்வளவு இருக்குது?"

"முக்கால் டிரம் இருக்குது கண்ணு."

"அது போதும். விட்டுறாதீங்க."

"விடறதா? நானா?"

குழாய் வழியாக வாயு போனது. கூடவே வாடையும் போனது. முன்பாவது பின்கட்டோடு நின்றிருந்தது. இப்போது காற்றடிக்கிற பக்கமெல்லாம் போனது. செவ்வாய்க்கிழமை அங்கப்பன் வந்து கையை மடக்கிக் காட்டினார்.

"பாருங்க. தோள் வரைக்கும் போகுதுங்க! அந்தத் தைலம் ஒரு பாட்டல் இப்பவே குடுங்க."

"இன்னும் பக்குவம் வரலைங்ணா."

"பரவால்லீங்க. பச்சையாவே கேக்குது."

அவர் போன பிறகு அம்புஜம் உட்கார்ந்து யோசித்தாள். பொய் சொன்னது ஒரு தப்பு. அந்த மனுசன் கையில் இன்னொரு சொட்டுப் பட விடுவது அதைவிடப் பெரிய தப்பு. நிஜமாகவே ஒரு தைலம் காய்ச்சிக் கொடுத்துவிட்டால்? நல்லெண்ணெயில் நொச்சி இலையும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை வாடையை அமுக்க நாலு மூலையிலும் சாம்பிராணி போட்டாள். வாடை அமுங்கவில்லை. சாம்பிராணியும் இறாலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை பிறந்தது. பாலகோபால் அதைத் தாங்காமல் தெருமுனைக்குப் போய்விட்டார். அவள் டிரம்மின் மூடியைக் கழற்றிக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"நவுருங்க! நவுருங்க!"

அங்கப்பன் இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தார். அவள் வாய் திறப்பதற்குள் முதல் வாளி சாம்பிராணிச் சட்டிகளின் மேலும், இரண்டாவது வாளி நேராக டிரம்முக்குள்ளும் போனது.

"புகை புகையா மேல வருதுங்க. டிரம்மு தீப்புடிச்சுப்போச்சுன்னு பயந்துபோட்டேன்!" என்றார் மூச்சு வாங்க. "தைலத்துக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலைங்ணா" என்றாள் அம்புஜம். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

ஆகியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் புளிப்பு செத்துவிட்டது. வியாழக்கிழமை காலை அவள் அமிலம் பார்க்கிற நிறத்தாளை முக்கிப் பார்த்தாள். ஆரஞ்சாக இருக்க வேண்டிய தாள் பச்சையாக நின்றது. பச்சையென்றால் அமிலம் போதவில்லை. அமிலம் போதவில்லை என்றால் ஓடு புளிக்காது, அழுகும். அதுவரை வந்தது புளித்த வாடை. அன்று மத்தியானம் அழுகல் வாடை வந்தபோதுதான் புளித்த வாடை எவ்வளவு நல்ல வாடை என்று பாலகோபாலுக்குப் புரிந்தது.

"கொட்டிப்போடலாம் அம்புஜா" என்றார் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு. "நீ செஞ்ச வரைக்கும் போதும்."

"ஏமண்டி, உங்களுக்கு முட்டி ஆபரேசன் பண்ணினப்ப, நடக்கவே மாட்டேன்னு படுத்துக்கிட்டீங்க. நான் போதும்னு விட்டனா?"

பாலகோபால் பையை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் ஐந்து கிலோ வெல்லம் வாங்கி வந்தார். நாலு தடவை நின்று நின்று நடந்து வந்தார். அம்புஜம் அதைக் கரைத்து ஊற்றினாள். வீட்டிலிருந்த மொத்தத் தயிரையும் ஊற்றினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை முக்கி, காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் தாளின் ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டியது.

அந்த மஞ்சளைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அங்கப்பன் வந்தார். கையில், அவள் கொடுத்த நொச்சித் தைல பாட்டில் அப்படியே இருந்தது.

"இது அது இல்லீங்க அம்மணி. கலரே வேற. மேல இருந்து சொட்டுனது ரோஸ் கலரு. அதுதான் கேக்குது." பாட்டிலை ஸ்டூல்மேல் வைத்தார். "சபையில சொல்லிப்போட்டேனுங்க. முட்டிவலிக்காரங்க இருபத்தி மூணு பேரு இருக்கறாங்க. நாயித்துக்கெழம காலைல பாட்டலோட வாரேன்னு சொல்லியிருக்கறாங்க. உங்களுக்கும் புண்ணியமுங்க."

அம்புஜம் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவள் குளித்து, புடவை மாற்றிக்கொண்டு, மாடிப்படி ஏறினாள். பாலகோபால் படி ஏற முடியாததால் கீழே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்புஜா, வேற ஏதாச்சும் சொல்லிப் பாக்கலாமே. தைலம் திருட்டுப் போச்சுன்னு..."

"போதுங்க. நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் ஒவ்வொரு பாட்டலாத் திரும்பி வருது."

மாடியில் அங்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கருப்பாத்தாள் கீழே உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண்மணி. கணவன் இருக்கும் இடத்தில் சுத்தமாகப் பேசாதவள்.

"ஏனுங்ணா, அது தைலம் இல்லைங்க" என்றாள் அம்புஜம், உட்காராமலே.

"பின்னென்னுங்க?"

"இறால் ஓடுங்க."

அங்கப்பன் பேப்பரை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு தன் வலது முழங்கையைப் பார்த்தார்.

"அப்ப, என்ற கையில..."

"அதுவுந்தானுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். பைப் திறக்கிற சத்தம் கேட்டது. சோப்புப் போடுகிற சத்தம், தேய்க்கிற சத்தம், மறுபடியும் சோப்பு. கருப்பாத்தாள் தலை நிமிராமல் அவரைக்காயை உரித்தாள். அம்புஜம் நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் முழங்கை சிவந்துபோய்த் திரும்பி வந்தார்.

"எதுக்குங்க இது?"

அம்புஜம் சொன்னாள். இந்த ஓட்டை மூட்டை மூட்டையாக அள்ளிக் குழியில் கொட்டுவதைச் சொன்னாள். மண்ணும் தண்ணியும் அதில் கெடுவதைச் சொன்னாள். அதே ஓட்டைப் புளிக்க வைத்தால் என்னென்ன கிடைக்கும், அதில் காயத்துக்குக் கட்டுகிற துணி வரைக்கும் செய்கிறார்கள் என்பதை எல்லாம் சொன்னாள். மூடி வெடித்தது ஏன், வாளித் தண்ணீரில் புளிப்புப் போனது ஏன் என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

"அதுகள நீங்க கொல்லலையே?" என்றார் அங்கப்பன்.

"இல்லைங்ணா. தின்னவங்க வீசினதைப் பொறுக்கிட்டு வந்தேன்."

"மொத நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"உங்களுக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சனுங்க. தெரிஞ்சும் பெருந்தன்மையா இருக்கீங்கன்னு..."

"எனக்கெப்பிடீங்க தெரியும்?" என்று அங்கப்பன் சட்டென்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பி வெளியே காக்காயைப் பார்த்தார்.

செய்த பெருந்தன்மையை ஒத்துக்கொள்ளக்கூடக் கூச்சப்படுகிற மனுசன் என்று அம்புஜம் நினைத்துக்கொண்டாள்.

"ஷரத்து ஷரத்துதானுங்க" என்றார் அவர் கடைசியில். "ஆனா நீங்களா வந்து சொல்லிப்போட்டீங்க. வர்ற வியாழன் வரைக்கும் இருக்கட்டும். வெள்ளிக்கெழம காலைல அந்த டிரம்மு கேட்டுக்கு அக்கட்ட இருக்கோணும். இல்லீன்னா நீங்க இருக்கோணும்."

அவள் படி இறங்கும்போது, அவர் போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க, தைலம் பக்குவம் தப்பிப்போச்சுங்க. யாரும் வர வேண்டாம்... கையிங்களா? கை நல்லாத்தான் இருக்குதுங்க."

அதற்குப் பிறகு அவள் எதையும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாள் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அழுகல் வாடை போய்ப் புளித்த வாடை திரும்பி வந்தபோது பாலகோபால் மல்லிகைப்பூவை மோந்தவர் போலக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். செவ்வாய்க்கிழமை வேட்டித் துணியை விரித்துக் கட்டி வடிகட்டினார்கள். கீழே ரோஸ் நிறத் தண்ணீர் பதினெட்டு லிட்டர். மேலே நின்ற ஓட்டைப் பத்துத் தண்ணீர் விட்டு அலசி வெயிலில் காயவைத்தாள். விரலில் எடுத்தால் அப்பளப் பூ மாதிரி லேசாக இருந்தது. பாலகோபால் குடையை விரித்து, காக்காய் வராமல் அதற்குக் காவல் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை கல்லூரியில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். பார்வையிட வந்த மூன்று பேரில் ஒருவர் அம்புஜத்தின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூடியை இறுக்கி மூடினா என்ன ஆகும், தெரியுங்களாம்மா?"

"தெரியுங்க. சீலிங்குல ஏறும்."

"நடுவுல தண்ணி அதிகமாயிட்டா?"

"அழுகும்ங்க. ஆனா கைவிட வேண்டியதில்லை. மறுபடி வெல்லம் குடுத்து, தயிர் குடுத்து, தாளை வெச்சுப் பாத்துட்டே இருந்தா ஒண்ணரை நாள்ல திரும்பும்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்குதும்மா?"

"எங்க ஊட்டுக் காலண்டர்ல இருக்குதுங்க" என்று அம்புஜம் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். தேதிக்குத் தேதி, மணிக்கு மணி, தாளின் நிறம் குறித்திருந்தது. அந்த மூன்று பேரும் பாட்டிலை விட்டுவிட்டுக் காலண்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நந்திதா பின்னால் நின்று அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு ஷெட்டில் ஒன்று அம்புஜத்துக்கு.

வெள்ளிக்கிழமை காலை மினி வேன் வந்தது. டிரம், வடிதுணி, குழாய், பாட்டில் எல்லாம் ஏறின. அங்கப்பன் கேட்டுக்கு வெளியே நின்று, "பாத்துங்க, பாத்துப் புடிங்க" என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பாலகோபால் முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

கருப்பாத்தாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, காலியாகிப்போன பின்கட்டைப் பார்த்தபடி அம்புஜத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இனி உங்களுக்கும் நிம்மதிங்கக்கா" என்றாள் அம்புஜம். "பாவம் அண்ணன், இந்த நாத்தத்துக்குப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து காபி குடிச்சாரு. ஒரு நாளாச்சும் மூஞ்சியச் சுளிச்சிருப்பாரா! எப்பிடித்தான் சகிச்சாரோ."

கருப்பாத்தாள் கேட் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கணவனின் காதுக்கு எட்டாது என்று நிச்சயம் செய்துகொண்டு, அம்புஜத்தின் கையைப் பிடித்தாள்.

"அவருக்குக் கொரோனாவுல போன மூக்கு இன்னும் வரலை கண்ணு, வெளிய சொன்னா கோவிச்சுக்குவாரு. மூக்கு இருக்கறவ நாந்தான். பொறந்த ஊட்டுல எறா தின்னு வளந்தவ, கல்யாணமாகி நாப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் பன்னெண்டு நாளா சன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு, அந்த வாசத்தத் தொட்டுக்கிட்டு ரசஞ்சோறு தின்னேன். அடுத்த டிரம்மு எப்பங்க போடுவீங்க?"